மீட்டர் மாத்துனதுலேர்ந்து கரண்ட் பில்லு டபுளா வருது, ஸ்மார்ட் மீட்டர் கேட்டு வாங்கிக்கலாமா?

பெரம்பூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்ப வேற வழி தெரியாம எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

வீடு பெரம்பூர்ல, அப்பா கட்டுன பழைய வீடு. கீழ நாங்க, மாடியில ஒரு போர்ஷன் வாடகைக்கு. ரெண்டுக்கும் தனித்தனி சர்வீஸ் நம்பர், தனித்தனி மீட்டர், மாடிப்படிக்கு கீழ ஒரே பலகையில பக்கத்து பக்கத்துல இருக்கும். மாடி மீட்டர் எட்டு வருஷம் முன்னாடியே டிஜிட்டல் ஆயிடுச்சு. எங்களோடது மட்டும் போன வருஷம் வரைக்கும் அந்தக் காலத்து சக்கரம் சுத்துற மீட்டர். சின்னப் பசங்களா இருக்கும்போது நானும் அண்ணனும் அந்த சிவப்புக் கோடு திரும்ப வர்றதுக்குள்ள எத்தன எண்ணலாம்னு பந்தயம் கட்டுவோம். போன வருஷம் அது நின்னு நின்னு சுத்த ஆரம்பிச்சுது, நாங்களே எழுதிக் குடுத்தோம், டிஜிட்டல் மீட்டர் வந்துச்சு.

அங்கதான் ஆரம்பிச்சது தலைவலி. முன்னாடி ரெண்டு மாசத்துக்கு 380, 390 யூனிட், பில்லு 1,100 சொச்சம். புது மீட்டர் வந்த அடுத்த பில்லே 540 யூனிட், 2,376 ரூபா. அதுக்கு அடுத்தது 552. வீட்ல ஆளு கூடல, புது சாமான் எதுவும் வாங்கல, ஒரு ஏசி, ஃப்ரிட்ஜு, வாஷிங் மெஷின் அவ்ளோதான். எங்க அம்மா சாயங்காலம் ஹால் லைட்டையே போட விடமாட்டேங்குது, இருட்டுல உக்காந்து சீரியல் பாக்குறோம்.

ஆபீஸ்ல ஒருத்தன் சொல்றான் டிஜிட்டல் மீட்டர் எல்லாமே வேகமா ஓடும், ஸ்மார்ட் மீட்டர் கேட்டு வாங்கிடு, அதுல மணிக்கு மணி எவ்ளோ இழுக்குதுன்னு தெரியும்னு. ஆனா ஃபேமிலி க்ரூப்ல சித்தப்பா அனுப்புன ஃபார்வர்டுல வேற மாதிரி இருக்கு, அது போனு மாதிரி ரீசார்ஜ் பண்ணணுமாம், காசு தீந்தா ராத்திரி பன்னெண்டு மணிக்கு தானா கட் ஆயிடுமாம், சாயங்காலம் ரேட்டு ஜாஸ்தியாம், கதிர்வீச்சு வேறயாம். எது நெஜம்? நாமளா அப்ளை பண்ணி மாத்திக்க முடியுமா? எவ்ளோ ஆகும்?

இன்னொண்ணு, சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லிடுறேன். மீட்டர் மாத்துனப்பவே பழைய ஃப்யூஸ் கட்டை எல்லாம் கழட்டிட்டு எம்சிபி போர்டு போட்டோம், கூடவே ஷாக் அடிக்காம இருக்க ஆர்சிசிபியும். அது சும்மா சும்மா ட்ரிப் ஆச்சு. மாடியில அயர்ன் பாக்ஸ் போட்டா எங்க வீட்ல விழுது! போர்டு போட்ட எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு, சென்னை உப்புக் காத்துக்கு இது சரிப்படாது சார்னு சொல்லி அது வழியா போகாம நேரா லைன் குடுத்து பைபாஸ் பண்ணிட்டு போயிட்டாரு.


வாடகை_வாழ்க்கை:

ப்ரோ நீங்களாச்சும் ஓனரு. நான் வேளச்சேரி பக்கம் வாடகைக்கு இருக்கேன், எங்களுக்கு சப் மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபா ஃப்ளாட்டா வாங்குறாரு வீட்டுக்காரரு. 100 யூனிட் ஃப்ரீன்னு கவர்மென்ட்டு குடுக்குது, அது யாரு வீட்டு அடுப்புல வேகுதுன்னு தெரியல. எனக்கு ஸ்மார்ட் மீட்டர் வேணாம், ஸ்மார்ட் ஓனர் கிடைச்சா சொல்லுங்க.

டிஜிட்டல் மீட்டர் வேகமா ஓடும்ங்கிறது மட்டும் உண்மை, எங்க அத்தை வீட்லயும் இதே கதைதான்.


உஸ்மான்ரோடு_டீச்சர்:

தம்பி, எங்க வீட்ல ஸ்மார்ட் மீட்டர்தான் இருக்கு. சென்னையில முதல்ல தி.நகர் பக்கம்தான் சோதனையா போட்டாங்க, லட்சத்துக்கு மேல மாட்டுனாங்க. அதனால நான் அனுபவத்துல சொல்றேன், ஃபார்வர்ட்ல வந்ததை சொல்லல.

வெளிய இருந்து பாத்தா பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியாது. ஒரு சின்ன டிஸ்ப்ளே, ஒரு பட்டன், ஒரு சிவப்பு லைட்டு மினுக் மினுக்குன்னு. பட்டனை அமுக்கிட்டே இருந்தா தேதி, நேரம், இதுவரைக்கும் ஓடுன யூனிட், வோல்ட்டேஜ், இப்ப இழுக்குற கரண்ட்டு, இந்த பில்லு காலத்துல அதிகபட்சமா எத்தன கிலோவாட் இழுத்தோம்னு ஒண்ணொண்ணா வரும். ரிட்டயர் ஆனப்புறம் எனக்கு பொழுதுபோக்கே அதுதான். கிரைண்டர் போட்டுட்டு ஓடிப் போய் பாப்பேன், வீட்டுக்காரர் சிரிப்பார்.

ரீசார்ஜ் எல்லாம் எங்களுக்கு கிடையாது. வழக்கம் போல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பில்லு, போனுக்கு மெசேஜ் வரும், கட்டிடுவோம். ரீடிங் எடுக்க ஆள் வந்து கேட்டை தட்டுறது மட்டும் போச்சு. நாங்க பையன் வீட்டுக்குப் போய் மூணு மாசம் இருந்துட்டு வந்தா முன்னாடி எல்லாம் கதவு பூட்டியிருந்ததுன்னு ஒரு குத்துமதிப்பு பில்லு இருக்கும், இப்ப அது இல்ல.

பில்லு குறைஞ்சுதான்னு கேட்டா, இல்ல. ஏறுச்சான்னா அதுவும் இல்ல. ஸ்மார்ட் மீட்டர் போட்டா செலவு குறையும்னு நினைச்சா அது தப்பு, வெயிட் பாக்குற மெஷின் வாங்குனா உடம்பு இளைக்குமா?


ராத்திரி_ஷிஃப்ட்:

டீச்சரம்மா சொன்னது கரெக்ட். நான் மீட்டர் டேட்டா சம்பந்தமான சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன், கொஞ்சம் விளக்குறேன், நடுவுல போர் அடிச்சா தாண்டிப் போயிடுங்க.

முதல்ல உங்க பில்லு. 390 லேர்ந்து 540, அதாவது 150 யூனிட்தான் கூடியிருக்கு, ஆனா காசு டபுள். அதுக்கு காரணம் மீட்டர் இல்ல, ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட ரேட்டு மாறுற முறை. 2024 ஜூலை ரேட்டுப்படி ரெண்டு மாசத்துல 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 ஃப்ரீ, 101லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35 ரூபா, 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. ஆனா 500 தாண்டிட்டீங்கன்னா அந்த 2.35 சலுகை போச்சு, 101லேர்ந்தே 4.70 போடுவாங்க, 500க்கு மேல 8.40. கணக்கு போட்டுப் பாருங்க, 500 யூனிட்னா 1,805 ரூபா. 501 யூனிட்னா 2,048 ரூபா 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 243 ரூபா! இது தெரியாமதான் பாதி பேரு மீட்டர் மேல சந்தேகப்படுறாங்க.

அடுத்து, டிஜிட்டல் மீட்டர் வேகமா ஓடுதுங்கிறது. பழைய சக்கர மீட்டர் வயசாக ஆக மெதுவா ஆகும், உள்ள பேரிங் தேஞ்சுடும், அழுக்கு சேரும். சின்ன லோடுக்கு சக்கரம் அசையவே அசையாது. செட்டாப் பாக்ஸ் ஸ்டாண்ட்பைல இருந்தாலும் ஒரு 10 வாட்டு இழுக்கும்னு வைங்க, 24 மணி நேரம் 60 நாள்னா 14 யூனிட்டுக்கு மேல. வைஃபை ரௌட்டரும் கிட்டத்தட்ட அவ்ளோதான். இதெல்லாம் முன்னாடி ஓசி, இப்ப கணக்குல வருது. அதனால மீட்டர் மாத்துனா கொஞ்சம் ஏறுறது சகஜம். ஆனா 150 யூனிட் ஏறுறது எனக்கே இடிக்குது.

இப்ப ஸ்மார்ட் மீட்டர். அதுல அளக்குற பார்ட்டு உங்ககிட்ட இருக்குற டிஜிட்டல் மீட்டர்ல இருக்குற அதே சமாச்சாரம்தான். கூட ரெண்டு விஷயம், ஒண்ணு மோடம், இன்னொண்ணு உள்ளயே ஒரு சுவிட்சு. மோடம் ரேடியோ மூலமாவோ சிம் மூலமாவோ ரீடிங்க அனுப்பும், அரைமணி நேரத்துக்கு ஒரு கணக்குன்ற மாதிரி உள்ள சேத்து வச்சுக்கும். கரண்ட் போச்சுன்னா சாகுறதுக்கு முன்னாடி கடைசி மூச்சுல “இங்க கரண்ட் இல்ல”ன்னு ஒரு மெசேஜ் அனுப்பிட்டுதான் அணையும், அதனால எந்தத் தெருவுல போயிருக்குன்னு யாரும் போன் பண்ணாமலே மின்வாரியத்துக்கு தெரிய வாய்ப்பு இருக்கு. அந்த உள் சுவிட்ச வச்சு பில்லு கட்டாதவங்கள ஆபீஸ்ல உக்காந்தே கட் பண்ணவும் முடியும், இதுல சித்தப்பா சொன்னது பாதி உண்மை. கதிர்வீச்சு பயம் வேணாம், நம்ம கையில இருக்குற போன் மாதிரி விட்டு விட்டு பேசுற சாதனம்தான், போனை நாம காதுல வச்சிருக்கோம், மீட்டர் மாடிப்படிக்கு கீழ இருக்கு.

ரீசார்ஜ் கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 2021ல மத்திய அரசு மின் விநியோகத்த சீர்படுத்த ஆர்டிஎஸ்எஸ்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர், ப்ரீபெய்டா போடணும்னு இலக்கு. வட மாநிலங்கள்ல சில இடத்துல அப்படி வந்துச்சு, அங்க நடந்த கலாட்டா வீடியோதான் உங்க க்ரூப்ல சுத்துது. நம்ம ஊர்ல டெண்டர் விட்டு ரத்து பண்ணி மறுபடி விட்டுன்னு இழுத்துட்டே இருக்கு, விவசாயம், குடிசை கனெக்ஷனுக்கெல்லாம் போடப்போறதில்லன்னு சொல்லியிருக்காங்க. மாசா மாசம் ரீடிங் எடுப்போம்னு 2021 தேர்தல்ல திமுக சொன்னதையும் இதோட முடிச்சு போட்டு வச்சிருந்தாங்க, மீட்டர் வந்தாதான் அது வரும்னு.

சாயங்கால ரேட்டு விஷயம், 2023 ஜூன்ல மத்திய விதியில திருத்தம் வந்துச்சு. வெயில் இருக்குற நேரத்துல ரேட்டு 20 சதவீதம் குறைவு, எல்லாரும் அதிகமா கரண்ட் இழுக்குற பீக் நேரத்துல வீடுகளுக்கு குறைஞ்சது 10 சதவீதம் ஜாஸ்தி, ஸ்மார்ட் மீட்டர் இருந்தா இப்படின்னு. ஆனா அதை எப்படி அமல்படுத்துறதுன்றது மாநில ஒழுங்குமுறை ஆணையம் கையில இருக்கு, நம்ம வீட்டு பில்லு இப்பவும் ஸ்லாப்தான்.

நீங்களா அப்ளை பண்ணி வாங்குற பொருள் இல்ல இது, ஏரியா ஏரியாவா மின்வாரியம் போட்டாதான் உண்டு. கடையில வாங்கி மாட்டுனா சர்வர்ல யாரு சேக்குறது? மணிக்கு மணி பாக்கணும்னா க்ளாம்ப் வச்ச வைஃபை எனர்ஜி மானிட்டர் கிடைக்குது, உங்க எம்சிபி போர்டுல ஒயர சுத்தி மாட்டிட்டா போன்ல தெரியும். ஏசி ஒண்ணுக்கு மட்டும்னா 16 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் ப்ளக் போதும்.

மீட்டர் மேல சந்தேகம் இருந்தா இப்பவே வழி இருக்கு. 2024 பிப்ரவரில வந்த திருத்தப்படி, ரீடிங் சரியில்லன்னு புகார் குடுத்தா 5 நாளைக்குள்ள பக்கத்துல இன்னொரு மீட்டர் வச்சு குறைஞ்சது 3 மாசம் ஒத்துப்பாக்கணும். மின்வாரிய செக்ஷன் ஆபீஸ்ல ஏஈகிட்ட (உதவிப் பொறியாளர்) எழுதிக் குடுங்க, இல்ல மின்வாரிய புகார் மையம் மின்னகத்துக்கு போன் போடுங்க, 94987 94987.

ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை, “இன்னிக்கி ராத்திரி உங்க கரண்ட் கட், இந்த நம்பருக்கு கூப்பிடுங்க”ன்னோ “ஸ்மார்ட் மீட்டர் அப்டேட் பண்ணணும், இந்த ஆப்ப போடுங்க”ன்னோ யாராச்சும் மெசேஜ் அனுப்புனா தொடாதீங்க. எங்க மாமாவுக்கு 40 ஆயிரம் போச்சு.


கோடம்பாக்கம்_ஒயர்மேன்:

தம்பி நான் இருபத்தஞ்சு வருசமா ஒயரிங் வேலை பாக்குறேன். எல்லாரும் மீட்டரப் பத்தி பேசுறாங்க, நீ கடைசியா சம்பந்தமில்லாததுன்னு ஒண்ணு எழுதிருக்க பாரு, மேட்டரே அதுலதான் இருக்கு.

மாடியில அயர்ன் பாக்ஸ் போட்டா உன் வீட்டு ஆர்சிசிபி விழுதுன்னா, அவங்க கரண்ட்டு உன் ஒயர்ல வருதுன்னு அர்த்தம். உப்புக் காத்தாம்! அவன என்கிட்ட அனுப்பு. ஆர்சிசிபி என்ன பண்ணும், ஃபேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்ட்டும் சமமா இருக்கான்னு பாக்கும், இல்லன்னா விழும். அது ஒழுங்காத்தான் விழுந்திருக்கு, நீங்க அதோட வாய அடைச்சிட்டீங்க.

உன் வீட்டு நியூட்ரலும் மாடி நியூட்ரலும் எங்கயோ ஒரு ஜங்ஷன் பாக்ஸ்ல, அதான் ஒயருங்கள இணைக்குற டப்பாவுல, ஒண்ணு சேந்திருக்கு. போர்ஷன் வீடுங்கள்ல இது ரொம்ப சாதாரணம், நான் மாசத்துக்கு ஒண்ணாச்சும் பாக்குறேன். சேந்தா என்ன ஆகும்? மேல இருக்குறவங்க இழுக்குற கரண்ட்டு அவங்க ஃபேஸ் வழியா போகும், திரும்பி வரும்போது பாதி அவங்க நியூட்ரல்ல வரும் பாதி உன் நியூட்ரல்ல வரும். பழைய சக்கர மீட்டர் ஃபேஸ மட்டும்தான் அளக்கும், அதனால உனக்கு ஒண்ணும் தெரியல. இப்ப வர்ற டிஜிட்டல் சிங்கிள் ஃபேஸ் மீட்டர் ஃபேஸயும் அளக்கும் நியூட்ரலயும் அளக்கும், ரெண்டுல எது அதிகமோ அத எழுதிக்கும். கரண்ட் திருடுறவன் நியூட்ரல எர்த்துல குடுத்து ஏமாத்துவான்னு அப்படி செஞ்சிருக்காங்க. அவனுக்கு வச்ச பொறி, நீ மாட்டிக்கிட்ட.

ஸ்மார்ட் மீட்டர் போட்டாலும் இதேதான், அதுவும் ரெண்டையும் அளக்கும். தப்பான கணக்க அரைமணிக்கு ஒருவாட்டி ஆபீசுக்கு அனுப்பும், அவ்ளோதான்.

டெஸ்ட்டு சொல்றேன், செய்யி. மெயின் சுவிட்ச தொடாத, ஆன்லயே இருக்கட்டும். உன் போர்டுல இருக்குற எம்சிபி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா கீழ தள்ளு. உன் வீட்ல எதுவும் ஓடாது. இப்ப மீட்டர்ல அந்த சிவப்பு லைட்டு மினுக்கக் கூடாது. மாடி வீட்டுக்காரங்கள அயர்ன் பாக்ஸ் போடச் சொல்லு. மினுக்குச்சுன்னா நான் சொன்னது சரி. அப்புறம் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணு, அது ஃபேஸ் நியூட்ரல் ரெண்டையும் வெட்டும், மினுக்குறது நிக்கும். மீட்டர் மேல எர்த் லோடுன்னு ஒரு லைட்டு இருந்தா அதுவும் எரியுதான்னு பாரு. சீல் வச்ச எதுலயும் கை வைக்காத, செருப்பு போட்டுக்க, ஈரக் கையோட போகாத.


ராத்திரி_ஷிஃப்ட்:

அண்ணே சூப்பர். நான் இவ்ளோ எழுதி இந்த ஆர்சிசிபி வரிய கவனிக்கவே இல்ல. பெரம்பூர் ப்ரோ, டெஸ்ட் பண்ணும்போது மினுக்குறத ஒரு நிமிஷம் எண்ணுங்க. மீட்டர் முகத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தன இம்பல்ஸ், அதாவது எத்தன மினுக்கல்னு அச்சடிச்சிருக்கும், நிறைய மீட்டர்ல 3200. எண்ணினதை 60ஆல பெருக்கி 3200ஆல வகுத்தா எத்தன கிலோவாட்டுன்னு வந்துடும்.


பெரம்பூர்க்காரன்:

ஞாயித்துக்கிழமை காலைல டெஸ்ட் பண்ணிட்டேன். கை இன்னும் லேசா நடுங்குது, பயத்துல இல்ல, கோவத்துல.

எம்சிபி எல்லாம் கீழ தள்ளிட்டு மீட்டர் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்தேன். அம்மா பின்னாடி டார்ச் லைட்டோட. முதல்ல லைட்டு ரொம்ப மெதுவா, எட்டு பத்து செகண்டுக்கு ஒருவாட்டி மினுக்குச்சு. எங்க வீட்ல ஒரு பல்பு கூட எரியல! மாடியில ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடுதுன்னு அப்புறம்தான் உறைச்சுது. மேல குரல் குடுத்தேன், அந்த அக்கா அயர்ன் பாக்ஸ் போட்டாங்க. உடனே டிக் டிக் டிக்னு அடிச்சுது பாருங்க. அம்மா “ஐயய்யோ நம்ம மீட்டரு மேல வீட்டு துணிக்கு ஓடுதுடா”ன்னு கத்திட்டாங்க. நிமிஷத்துக்கு 25ன்னு எண்ணினேன், 3200 மீட்டர்தான், கணக்கு போட்டா 470 வாட்டுக்கிட்ட வருது. மேல இருக்குறது 1000 வாட் அயர்ன் பாக்ஸ். ஒயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி கிட்டத்தட்ட பாதி. எர்த் லோடு லைட்டும் எரிஞ்சுது. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணதும் எல்லாம் நின்னுடுச்சு.

எங்க சேந்திருக்குன்னும் தெரிஞ்சு போச்சு. முன்னாடி அண்ணன் குடும்பம் மாடியில இருந்தப்ப ரெண்டு வீட்டுக்கும் ஒரே இன்வெர்ட்டர் வச்சிருந்தோம், மேல ஹாலுக்கு ஒரு லைட்டு ஒரு ஃபேன் மட்டும் கீழேர்ந்து லைன் போச்சு. அண்ணன் 2019ல கோயம்புத்தூர் போயிட்டான், இன்வெர்ட்டரையும் பழைய சாமான்காரர்கிட்ட போட்டாச்சு, ஆனா அந்த நியூட்ரல் ஒயர யாரும் எடுக்கல போல.

இப்ப ஒரே ஒரு கேள்விதான் அண்ணே. அப்ப மாடிக்காரங்க இத்தன நாளா பாதி கரண்ட் பில்லுதான் கட்டியிருக்காங்களா? மீதிய அவங்ககிட்ட கேட்டு வாங்கலாமா?


கோடம்பாக்கம்_ஒயர்மேன்:

அவசரப்படாத தம்பி. அவங்க ஃபேஸ்ல முழுசா கரண்ட் போச்சில்ல, அவங்க மீட்டரும் அத முழுசா எழுதிக்கிச்சு. அவங்க ஒரு பைசா குறைச்சுக் கட்டல. உன் மீட்டர் அதுக்கு மேல பாதி எழுதிக்கிச்சு. ஒரே கரண்ட்டுக்கு ஒண்ணரை மடங்கு காசு.

ஆனா இன்னொண்ணு யோசி. இது ஒரு பக்கம் மட்டும் ஓடாது. ராத்திரி நீ ஏசி போட்டுட்டு தூங்குற, மேல ஒரு ஃபேன் மட்டும் ஓடுது. உன் ஏசி கரண்ட்டு திரும்பும்போது பாதி அவங்க நியூட்ரல் வழியா போகும். அவங்க மீட்டர் டிஜிட்டல், எட்டு வருசமா. யாரு அதிகமா இழுக்குறாங்களோ அவங்களுக்கு சரியா விழும், கம்மியா இழுக்குறவங்களுக்கு கூடுதலா விழும். உன் மீட்டர் சக்கரமா இருந்த வரைக்கும் உனக்கு இந்த அடி இல்ல, அவங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு.


வாடகை_வாழ்க்கை:

ஆஹா. பாயிண்ட்டு பாயிண்ட்டு. ஓனர் சார், பதில் சொல்லுங்க.


உஸ்மான்ரோடு_டீச்சர்:

மாடியில இருக்குற அந்தப் பொண்ணு குடி வந்து எத்தன வருஷம் ஆச்சு தம்பி?


பெரம்பூர்க்காரன்:

நாலு வருஷம் டீச்சர்.

சொல்லவே சங்கடமா இருக்கு. அவங்க வந்த முதல் வருஷமே வெயில் காலத்துல பில்லு ரொம்ப வருதுன்னு அப்பாகிட்ட வந்து சொன்னாங்க. அப்பா “நீங்க கீசர் ஜாஸ்தி போடுறீங்கம்மா”ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஏப்ரல் மே மாசம் யாரு கீசர் போடுவா, அப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன், ஒண்ணும் தோணல. கீழ எங்க ஏசி ராத்திரி பூரா ஓடும்.

ஒயர்மேன் அண்ணே, இத சரி பண்ண என்ன செய்யணும், எவ்ளோ ஆகும்னு மட்டும் சொல்லுங்க.


கோடம்பாக்கம்_ஒயர்மேன்:

பெரிய வேலை ஒண்ணும் இல்ல, கண்டுபிடிக்கத்தான் நேரம். மாடி ஹால்ல அந்த பழைய இன்வெர்ட்டர் லைட்டு பாயிண்ட்டுக்கு போற ஜங்ஷன் பாக்ஸ திறந்து, கீழேர்ந்து வர்ற நியூட்ரல கழட்டி முனைய மூடணும், அந்த லைட்டுக்கும் ஃபேனுக்கும் மாடி போர்டுலேர்ந்தே நியூட்ரல் குடுக்கணும். ரெண்டு வீட்டு மெயினும் ஆஃப்ல இருக்கும்போதுதான் கை வைக்கணும், ஒரு வீட்ட மட்டும் ஆஃப் பண்ணிட்டு செத்தவன் இருக்கான், நான் பாத்திருக்கேன். லைசென்ஸ் உள்ள ஆளா கூப்பிடு, உப்புக் காத்து ஆள கூப்பிடாத. அரை நாள் கூலி, கொஞ்சம் ஒயரு. முடிச்சதும் ஒயருக்கு ஒயர் தொடர்பு இருக்கான்னு பாக்குற மெக்கர் கருவி வச்சு பாக்கச் சொல்லு, ரெண்டு நியூட்ரலுக்கும் நடுவுல தொடர்பு அறவே இல்லன்னு காட்டணும். அப்புறம் அந்த ஆர்சிசிபிய திரும்ப இணை. அது விழாம நின்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

அப்படியே மீட்டர் பலகை எவ்ளோ உயரத்துல இருக்கு? பெரம்பூர்ல 2015லயும் 2023 டிசம்பர் புயல்லயும் தண்ணி நின்னுச்சே. இடுப்பளவுல இருந்தா ஏத்தணும்னு ஆபீஸ்ல எழுதிக் குடு, நீயா நகத்தாத. ஸ்மார்ட் மீட்டர் வர்றப்ப அதே பலகையிலதான் மாட்டுவாங்க.


பெரம்பூர்க்காரன்:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், நடுவுல எழுதாததுக்கு மன்னிச்சுக்கங்க.

ஜங்ஷன் பாக்ஸ்ல அண்ணன் சொன்ன அதே இடத்துல மூணு கறுப்பு ஒயர ஒண்ணா முறுக்கி டேப்பு சுத்தி வச்சிருந்தாங்க, டேப்பு பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. கழட்டியாச்சு. ஆர்சிசிபி மாட்டியாச்சு. மாடி அக்கா அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, கீசர் மூணையும் ஒண்ணா போட்டாங்க, நாங்க எல்லாரும் கீழ நின்னு அந்த லீவரையே பாத்துட்டு இருந்தோம். விழல. நேத்து பில்லு வந்துச்சு, 404 யூனிட். சக்கரம் காட்டுனத விட 15 யூனிட்டுக்கிட்ட கூடதான், செட்டாப் பாக்ஸ் கணக்குன்னு எடுத்துக்கிட்டேன். பலகைய ஏத்துறதுக்கும் எழுதிக் குடுத்திருக்கேன்.

ராத்திரி ஷிஃப்ட் ப்ரோ சொன்ன மானிட்டர் வாங்கல, ஸ்மார்ட் மீட்டர் எங்க தெருவுக்கு வர்றப்ப வரட்டும்.

மாடி அக்காகிட்ட விஷயத்த நானே போய் சொல்லிட்டேன். எவ்ளோ கூட கட்டியிருப்பாங்கன்னு சரியா கணக்குப் போட வழியில்ல, அதனால அப்பாகிட்ட பேசி ரெண்டு மாச வாடகை வேணாம்னு சொல்லச் சொன்னேன். அப்பா ஒரு மாசத்துக்குதான் ஒத்துக்கிட்டாரு, இன்னும் கீசர்தான்னு சொல்லிட்டு இருக்காரு.


வாடகை_வாழ்க்கை:

ப்ரோ, மாடி போர்ஷன் எப்பவாச்சும் காலியானா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.